கெட்ட குரல்

"நல்லதா நாலு வார்த்தை எழுதித் தாங்கம்மா, ரெண்டு பக்கத்துக்குள்ள இருந்தாப் போதும்" என்று நித்யா போனில் கேட்டாள். எங்கள் வானொலி நிலையம் ஆண்டு மலர் போடுகிறதாம். நித்யா இப்போது அங்கே நிகழ்ச்சித் தயாரிப்பாளர். நான் ஓய்வு பெற்ற பிறகு வேலைக்கு வந்த பெண். 'நல்லதா' என்பதை இரண்டு தடவை அழுத்திச் சொன்னாள். என்னைப் பற்றி அவளிடம் யாரோ முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. சரி, எழுதுகிறேன். போடுவதும் போடாததும் அவர்கள் பாடு.

எனக்குச் சொந்த ஊர் ஆண்டிபட்டி. தறி நெய்கிற வீடு. பதினான்கு வயதில் நாடக மேடைக்குப் போய்விட்டேன். பாட்டாகவே நடக்கிற நாடகம். கதாநாயகி ஒரு வரி பாடி நிறுத்தினால் கதாநாயகன் அடுத்த வரியைப் பிடித்துக்கொள்வார், விடிகிற வரைக்கும் அது போகும். பங்குனி, சித்திரை இரண்டு மாதமும் திருவிழா மேடைகள்தான். என் மேல்சுருதியைக் கேட்பதற்கென்றே உத்தமபாளையத்தில் இருந்து சைக்கிள் மிதித்து வருவார்கள். இருபது வருஷம் அப்படிக் கத்தியதில் தொண்டைக்குள் கட்டி வந்தது. மதுரையில் அறுத்தெடுத்தார்கள். பேச்சு திரும்பி வந்தது, பாட்டு வரவில்லை. மேல் சுருதிக்குப் போனால் தகரத்தை இழுத்த மாதிரி ஒரு சத்தம் வரும். கீழ்க்குரல் மட்டும் முன்னைவிடக் குழைந்துபோய் நன்றாக இருந்தது. அந்த மிச்சத்தை எடுத்துக்கொண்டுதான் தேனியில் புதிதாகத் தொடங்கியிருந்த அந்தச் சின்ன வானொலி நிலையத்தில் குரல் தேர்வுக்குப் போய் நின்றேன்.

தேர்வு எடுத்தவர் அம்பலவாணன் சார். நிகழ்ச்சிப் பொறுப்பாளர். சென்னையில் எங்கெங்கோ வேலை பார்த்துவிட்டு வந்தவர். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும், "குரல் பிரமாதம். ஆனா நாடக வாடை அடிக்குது" என்றார். ஏதோ மீன்கூடை வந்து நிற்பது போல மூக்கைக்கூடச் சுளித்தார். இருந்தும் என்னை எடுத்துக்கொண்டார்கள். வேறு ஆள் கிடைக்கவில்லை என்பதுதான் காரணம்.

அம்பலவாணன் சாரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அவர் முரடர் இல்லை. ஒரு நாளும் சத்தம் போட்டது இல்லை. எல்லாரையும் 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவார். மனிதரை அதைவிட நோகடிக்க முடியாது. படிக்க வேண்டிய தாள் எதுவானாலும் முதலில் அவர் மேசைக்குப் போக வேண்டும். சிவப்புப் பேனாவால் கோடு போடுவார். ஒரு சாய்ந்த கோடு என்றால் மூச்சு விடலாம். இரண்டு கோடு என்றால் நிறுத்த வேண்டும். சொல்லுக்குக் கீழே அலைக்கோடு இருந்தால் குழைய வேண்டும். இருபது வருஷம் மேடையில் நின்றவளுக்கு எங்கே மூச்சு விடுவது என்று ஒருவர் கோடு போட்டுக் கொடுக்கிறார்! நானும் அவர் கோட்டுக்கு மூச்சு விட்டுக்கொண்டு கிடந்தேன்.

'தண்ணி' என்று எழுதியிருந்தால் அடித்துவிட்டு 'நீர்' என்று போடுவார். 'வந்தாக, சொன்னாக' என்று வாய் தவறி வந்துவிட்டால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து ஒரு விரலைத் தூக்கிக் காட்டுவார். மாதக் கடைசியில் எத்தனை விரல் ஆனது என்று எண்ணிச் சொல்வார். கேட்கிற சனம் முழுக்க 'வந்தாக' என்று பேசுகிற சனம். அது அவருக்கு ஒரு பொருட்டாகத் தெரியவில்லை.

அவர் போட்ட விதிகளில் இரண்டை மட்டும் இங்கே சொன்னால் போதும். ஒன்று, எந்த அறிவிப்பும் வெறுமையாகப் போகக்கூடாது. பின்னால் மெல்லிசாக வீணை ஓட வேண்டும். "அறிவிப்புன்னா காதுல இறங்கணும், இடிக்கக்கூடாது" என்பார். இரண்டாவது, ஓடிக்கொண்டிருக்கிற பாட்டை நிறுத்திவிட்டுப் பேச வேண்டுமானால் அதற்கு ஒரு படிவம் உண்டு. இடைமறிப்புப் படிவம். என்ன சொல்லப் போகிறோம், எத்தனை வினாடி, யார் சொன்னது என்று நிரப்பி அவர் கையெழுத்து வாங்க வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்து பல வருஷம் அந்தப் படிவத்தை ஒருவரும் தொட்டதில்லை. ஒரு கட்டு அப்படியே மஞ்சளாகிக் கிடந்தது.

ஒலிப்பதிவு அறையில் ஜாபர் இருந்தான். உத்தமபாளையத்துப் பையன், என்னைவிடப் பத்து வயது இளையவன். பொத்தான், பொறி எல்லாம் அவன் கையில். வீணைத் துண்டு அவனிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அறிவிப்புக்கும் அதையே போடுவான், புதன்கிழமை நண்பகலில் வருகிற எங்கள் தொடர் நாடகத்துக்கும் அதையே போடுவான். "வேற வாங்கிக் குடுங்க சார்" என்று அவனும் கேட்டுப் பார்த்தான். "நல்லதை எத்தனை தடவை கேட்டாலும் நல்லதுதான் ஜாபர்" என்று பதில் வந்தது.

அந்தத் தொடர் நாடகத்தில் நான்தான் தாய். எழுதியது அம்பலவாணன் சார். ஆற்றங்கரையில் ஒரு குடும்பம், மாமியார், மருமகள், சொத்து என்று போகும். கேட்கவே சகிக்காது. ஆனால் பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்டார்கள். ஒரு வாரம் கதையில் வெள்ளம் வந்தது. தாய் கரையில் நின்று, வெள்ளம் வருகிறது என்று ஊரை எச்சரிப்பாள். அதோடு வீணையைப் போட்டு, 'தொடரும்' என்று விட்டுவிட்டார்கள். நானும் மேடையில் ஒப்பாரிக்கு முன்னால் போடுகிற அத்தனை குழைவையும் அதில் கொட்டியிருந்தேன். பாராட்டிக் கடிதம் வந்து குவிந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதற்கு அடுத்த செவ்வாய்க்கிழமைதான் நான் சொல்ல வந்த சங்கதி நடந்தது.

மலையில் முந்தின நாளில் இருந்தே மழை. காலை பதினொன்றரைக்கு நிலையத்துக்குத் தகவல் வந்தது. முல்லையாற்றில் தண்ணீர் திடீரென்று ஏறுகிறது, ஆற்றுக்குள் யாரும் இருக்க வேண்டாம், உடனே சொல்லுங்கள் என்று. இரண்டே வரி. அந்த இரண்டு வரியை வைத்துக்கொண்டு அம்பலவாணன் சார் இருபத்தைந்து நிமிஷம் உட்கார்ந்திருந்தார். வெளியே வந்த தாளில் இப்படி இருந்தது: 'மலைப்பகுதிகளில் பெய்துவரும் தொடர் மழையின் காரணமாக முல்லையாற்றில் நீர்வரத்து கணிசமாக உயரக்கூடும் என எதிர்பார்க்கப்படுவதால், கரையோரத்தில் வசிப்போர் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லுமாறு அன்புடன் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.' 'அன்புடன்' என்பதற்குக் கீழே அலைக்கோடு.

பன்னிரண்டு மணிக்குப் படித்தேன். ஜாபர் வீணையை விட்டான். எப்படிப் படித்தேன் என்று இப்போது நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. கடிதக் குவியல் இன்னும் தலைக்குள் இருந்தது. போன வாரம் தாய் பேசிய அதே குரலில், அதே குழைவில், ஒவ்வொரு சொல்லையும் நெய்யில் தோய்த்து எடுத்த மாதிரி படித்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அம்பலவாணன் சார் தலையை ஆட்டி ரசித்தார். அத்தனை வருஷத்தில் அவர் என்னைப் பார்த்துத் தலையாட்டியது அன்றைக்கு மட்டும்தான்.

அடுத்து நேயர் விருப்பம். பாட்டு ஓடும்போது வருகிற போன்களை நான் எடுத்துப் பேசி, யாரை ஒலிபரப்பில் விடுவது என்று பார்க்க வேண்டும். முதல் போன் பிச்சையிடம் இருந்து வந்தது.

பிச்சை வாத்து மேய்க்கிறவன். அறுப்பு முடிந்த வயலில் வாத்துகளை இறக்கிவிட்டுச் சிந்தின நெல்லை மேயவிடுவது அவன் தொழில். எந்த ஊரில் அறுப்பு ஆரம்பித்திருக்கிறது என்று எங்கள் விவசாயச் செய்தியைக் கேட்டுத்தான் அடுத்த இடத்துக்கு நகர்வான். அதனால் வானொலிப் பெட்டி அவன் கழுத்திலேயே தொங்கும். வாரத்துக்கு இரண்டு தடவையாவது போன் போட்டு ஒரு பாட்டுக் கேட்பான். நேரில் பார்த்ததில்லை, ஆனால் நன்றாகத் தெரியும்.

"அக்கா, நாளைக்குப் போட வேண்டிய நாடகத்த இன்னைக்கே போட்டுட்டீக போல? இம்புட்டூண்டு போட்டு முடிச்சுட்டீகளே" என்றான்.

"எந்த நாடகம்டா?"

"இப்பச் சொன்னீகளே, ஆத்துல தண்ணி வருதுன்னு. எம் பொண்டாட்டி அழுதே போயிட்டா. உங்க கொரலுக்குச் சொத்தவே எழுதி வைக்கலாம்க்கா. மிச்சம் எப்ப வரும்?"

"நீ எங்கன இருக்க பிச்சை?"

"அனுமந்தன்பட்டிக்குக் கீழ, ஆத்துக்குள்ளதேன். மணல்திட்டுல. வெயில் இல்ல, நல்லாக் குளுகுளுன்னு இருக்கு. பிள்ளைக ரெண்டும் தூங்குது. வாத்தெல்லாம் இங்கனதேன் கெடக்கு..."

"டேய், அது நாடகம் இல்லடா" என்று நான் வாயெடுப்பதற்குள், "அக்கா, சார்ச்சு போகப் போகுது, அந்தப் பாட்ட மட்டும்..." என்றான். போன் நின்றுவிட்டது. திருப்பிப் போட்டேன். அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்று ஒரு பெண் குரல் சொன்னது. அதுவும் இனிமையான குரல்தான்.

எழுந்து அம்பலவாணன் சார் அறைக்கு ஓடினேன். அவர் மறுநாள் நாடகத்துக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"அறிவிப்பு போயாச்சே வடிவு. ஒரு மணிக்கு மறுபடி படிங்க" என்றார்.

"சார், ஒரு மணி வரைக்கும் ஆறு காத்திருக்காது. அவன் அத நாடகம்னு நெனச்சுக்கிட்டு இருக்கான் சார். பிள்ளைக ஆத்துக்குள்ள தூங்குது."

"அது நேயரோட புரிதல் குறைபாடு" என்றார். இப்படிச் சொன்னார் என்றால் யாரும் நம்புவதில்லை. சத்தியமாகச் சொன்னார். பிறகு நிதானமாக, "அவசரம்னு நினைச்சா இடைமறிப்புப் படிவம் இருக்கு. எழுதிக்கொண்டு வாங்க, பாக்கறேன்" என்றார்.

படிவத்தை எடுத்தேன். 'சொல்லப்படும் வாசகம்' என்று ஒரு கட்டம். 'வாசகத்தின் தொனி' என்று அதற்குக் கீழே இன்னொரு கட்டம். பேனாவைப் பிடித்துக்கொண்டு அந்தக் கட்டத்தையே பார்த்தேன். இவர் திரும்பவும் கோடு போடுவார், நான் திரும்பவும் குழைவேன், ஜாபர் திரும்பவும் வீணையை விடுவான், பிச்சையின் பொண்டாட்டி திரும்பவும் உட்கார்ந்து அழுவாள். படிவத்தைக் கசக்கிப் போட்டுவிட்டு ஒலிப்பதிவு அறைக்குப் போனேன். என் முகத்தைப் பார்த்தே ஜாபருக்குப் புரிந்துவிட்டது. "வீணை வேணாமாக்கா?" என்று மட்டும் கேட்டான். நான் ஒலிவாங்கி முன்னால் உட்கார்ந்ததும் பாட்டை இறக்கினான். சிவப்பு விளக்கு எரிந்தது.

"ஏலே பிச்சை! நாடகம் இல்லலே! நெசமாத் தண்ணி வருதுலே! வாத்து போனாப் போகுது, பிள்ளைகளத் தூக்கிட்டு மேட்டுக்கு ஏறுலே! ஆத்துக்குள்ள நிக்கிற எல்லாரும் ஏறுங்க! குளிக்கிறவுக, தொவைக்கிறவுக, மாடு கழுவுறவுக, போட்டது போட்டபடி ஏறுங்க! ஏலே பிச்சை, கேக்குதா!"

மேடையில் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டுமென்று எடுக்கிற உச்சத்துக்குப் போனேன். தொண்டையில் அறுத்த இடம் அங்கேதான் இருக்கிறது. குரல் பிளந்தது. காறலும் கீச்சலுமாக, எனக்கே அடையாளம் தெரியாத ஒரு சத்தம் வந்தது. மறுபடி மறுபடி அவன் பெயரைச் சொல்லிக் கத்தினேன். கதவைத் திறந்துகொண்டு அம்பலவாணன் சார் வந்தார். ஜாபரைத் தள்ளிவிட்டுத் தன் கையாலேயே பாட்டை ஏற்றினார். மொத்தம் அரை நிமிஷம் இருக்கும். அப்போதும் அவர் சத்தம் போடவில்லை. "எழுந்திருங்க" என்றார்.

அன்று மாலைக்குள் விளக்கம் கேட்டுத் தாள் வந்தது. அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. 'தனிநபர் பெயரை ஒலிபரப்பியது, கொச்சை மொழி, கூச்சல், நிலையத்தின் குரல் தரத்துக்கு ஊறு' என்று நான்கு குற்றம். எழுத்துப் பிழை ஒன்றுகூடக் கிடையாது. அன்றைக்கு எனக்கு அதெல்லாம் ஒரு பொருட்டாகவே இல்லை. பிச்சையின் போன் அணைந்தே கிடந்தது. மறுநாளும் அணைந்தே கிடந்தது. அனுமந்தன்பட்டியில் மணல் திட்டு இருந்த இடமே தெரியவில்லை, வாத்து மிதந்து போனதைப் பார்த்தோம் என்று சொன்னார்கள். ஆளைப் பார்த்ததாக ஒருவரும் சொல்லவில்லை. நான் சோறு தண்ணி இல்லாமல் கிடந்தேன். குழைந்து படித்த என் குரல் என் காதிலேயே ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் குரலுக்குப் பின்னால் வீணையும் ஓடியது.

நான்காம் நாள் காலையில் வாசலில் தகராறு. கக்கத்தில் ஒரு வாத்தை இடுக்கிக்கொண்டு ஒருவன் நிற்கிறான், காவலாளி உள்ளே விடமாட்டேன் என்கிறான். "பெருசா காவல் காக்குறீக! நான் வடிவக்காவப் பாக்கணும்" என்ற குரலைக் கேட்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது. பின்னால் பொண்டாட்டி, இரண்டு பிள்ளைகள். கால் தடுக்க ஓடினேன். அந்தச் சின்னப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலிலேயே அழுதேன். நாடகத்தில் நான் அழுதது எதுவும் அழுகையே இல்லை என்று அன்றைக்குத் தெரிந்தது.

பாதி வாத்து போய்விட்டதாம். உத்தமபாளையத்துப் பக்கம் ஒதுங்கியதைத் தேடிப் பொறுக்கத்தான் மூன்று நாள் ஆகியிருக்கிறது. "மொதல்ல சொன்னப்பவே ஏறியிருக்கலாமேடா" என்றேன்.

பிச்சை தலையைச் சொறிந்தான். "மொதல்ல கொரல் ரொம்ப நல்லா இருந்துச்சுக்கா. அதேன் நம்பல. ரெண்டாந்தடவ கொரல் கெட்டுப்போச்சு பாத்தீகளா, நாராசமா இருந்துச்சு. அப்பத்தேன் நெசம்னு தெரிஞ்சுச்சு."

ஒரு கணம் எனக்குச் சுருக்கென்றது. என் குரலை நாராசம் என்று அதுவரை ஒருவரும் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. பிறகு யோசித்துப் பார்த்தேன். என் வாழ்நாளில் என் குரலுக்குக் கிடைத்த பாராட்டுகளில் அது ஒன்றுதான் உருப்படியானது.

மற்றதையும் சொல்லிவிடுகிறேன். என்னை மூன்று மாதம் ஒலிவாங்கிப் பக்கம் விடவில்லை. கடிதம் பிரிக்க வைத்தார்கள். அந்த மூன்று மாதத்துக்குள் ஊர்ப் பெரியவர்கள் சேர்ந்து, தக்க சமயத்தில் எச்சரித்து உயிர்களைக் காத்ததற்காக அம்பலவாணன் சாருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவரும் குனிந்து வாங்கிக்கொண்டார். அந்தப் படம் நிலையத்து வரவேற்பறையில் இன்னும் மாட்டியிருக்கிறது. மலருக்கும் அதைத்தான் அட்டையில் போடப் போகிறார்களாம். படிவத்தின் பிரதியையும் பக்கத்தில் போட்டால் பொருத்தமாக இருக்கும்.

இத்தோடு முடித்தால் நான் ஏதோ புத்தி வந்தவள் என்று நினைப்பீர்கள். அதனால் இன்னும் கொஞ்சம் எழுத வேண்டியிருக்கிறது.

போன வருஷம் நித்யா வீட்டுக்கு வந்தாள். இனிமேல் அறிவிப்பெல்லாம் கம்ப்யூட்டரே படிக்குமாம். அதற்கு என் குரல் வேண்டுமாம். "நீங்கதாம்மா நம்ம நிலையத்தோட அடையாளம்" என்றாள். ஆள் வைக்கச் சோம்பல் என்பதை இவ்வளவு அழகாகச் சொல்ல முடியும் என்று எனக்குத் தெரியாது. இருந்தாலும் போனேன். மூன்று நாள், பஞ்சு ஒட்டிய அறைக்குள் உட்கார்ந்து நூற்றுக்கணக்கான வாக்கியம் படித்தேன். மூன்றாம் நாள் வெள்ள எச்சரிக்கை வந்தது. தாளை மடித்து வைத்துவிட்டு, அன்றைக்குக் கத்திய மாதிரியே கத்தினேன்.

நித்யா காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டாள். "அம்மா, குரல் கெட்டுப்போச்சு. இத மெஷின் எடுத்துக்காது. இரைச்சல்னு தள்ளிரும். கொஞ்சம் இனிமையா ஒண்ணு குடுங்கம்மா."

"இனிமையாச் சொன்னா ஒருத்தனும் ஏற மாட்டான் தாயி" என்று ஆரம்பித்தேன். அதற்குள் அவள், இதுவரை எடுத்ததை வைத்துக் கம்ப்யூட்டர் செய்த ஒரு துண்டை எனக்குப் போட்டுக் காட்டினாள். என் குரல்தான். ஆனால் முப்பது வயதில் இருந்த குரல். அறுத்தெறிந்த மேல்சுருதி அப்படியே திரும்பி வந்திருந்தது, காறல் இல்லை, கீச்சல் இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இன்னொரு தடவை போடச் சொல்லிக் கேட்டேன். அதன் பிறகு இனிமையாக ஒன்று படித்துக் கொடுத்தேன். கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். அம்பலவாணன் சார் போடாத அலைக்கோட்டை அன்றைக்கு நானே போட்டுக்கொண்டேன். அவரைப் பற்றி இவ்வளவு ஏசுகிற வாய்க்கு இதையும் சொல்லுகிற கடமை இருக்கிறது.

இந்த ஐப்பசியில் ஒரு பிற்பகல். தேனியில் தூறல், மேற்கே மலையே தெரியவில்லை. போன் அடித்தது. பிச்சைதான். அவனுக்கு இப்போது பேரன் இருக்கிறான், ஆனால் வாத்தை விடவில்லை.

"அக்கா, நல்லா இருக்கீகளா? வீட்டுலயா இருக்கீக?"

"வீட்டுலதான்டா. என்ன?"

"இல்ல... ரேடியோவுல இப்ப நீங்க பேசுறீக. ஆத்துல தண்ணி ஏறுதாம், அன்போட கேட்டுக்கிறாகளாம். கொரல் அந்தக் காலத்துல மாதிரி அம்புட்டு நல்லா இருக்குக்கா. அதேன் உங்களையே கேட்டுக்கிருவோம்னு. நெசமா, நாடகமா?"

"நீ எங்கன இருக்க?"

"ஆத்துக்குள்ளதேன்."

எழுந்து நின்றேன். உச்சத்துக்குப் போனேன். அடுத்த வீட்டுக்காரர்கள் என்னமோ ஏதோ என்று வெளியே ஓடி வந்தார்கள்.

"நெசந்தேன்லே! ஏறுலே மேட்டுக்கு!"

எதிர்ப்பக்கம் பிச்சை யாரையோ அதட்டுவதும், வாத்துகள் கலைந்து கத்துவதும், தண்ணீருக்குள் கால்கள் ஓடுவதும் கேட்டது. மூச்சு வாங்கியபடி அவன் சொன்னான்:

"ம், இது உங்க கொரலுக்கா. இந்தா, ஏறிட்டோம்."